வெக்கையும் அசுரனும் – புதினம் திரையேறும்போது

நுழையும்முன்

படித்த கதையைத் திரையில் காணும்போது மகிழ்ச்சியும் ஏமாற்றமும் ஒருங்கே எழுகின்றன. நம் மனத்தில் வரைந்துகொண்ட முகம் ஒன்று. திரையில் தோன்றும் முகம் வேறொன்று. இவ்வேறுபாட்டைக் குறையெனத் தள்ளாமல் ஆராய்ந்தால், எழுத்தால் எது இயலும், திரையால் எது இயலும் என்பது விளங்கும். பூமணியின் 'வெக்கை' புதினத்தையும், அதனைத் தழுவி வெற்றிமாறன் இயக்கிய 'அசுரன்' திரைப்படத்தையும் இப்பாடம் அருகருகே வைத்துக் காண்கிறது.

எழுத்தும் திரையும்

தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய காலம்தொட்டே எழுத்திலக்கியத்தோடு உறவு கொண்டுள்ளது. 1939ஆம் ஆண்டில் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி'யின் கதையைக் கல்கி எழுதினார். அக்கதை ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தபோது, ஓவியங்களுக்கு மாற்றாகத் திரைப்படத்தின் ஒளிப்படங்களே உடன் அச்சிடப்பெற்றன. வாசகர் ஒரே நேரத்தில் கதையைப் படிப்பவராகவும் படத்தை எதிர்நோக்குபவராகவும் இருந்தார். பின்னாளில் கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்னும் புனைபெயரில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்', கோபுலுவின் ஓவியங்களோடு வாரந்தோறும் வீடுகளுக்குள் வந்தது. அந்நெடுந்தொடரை 1968இல் ஏ. பி. நாகராஜன் திரைக்குக் கொணர்ந்தபோது, எதை விடுவது என்பதே அவர்முன் நின்ற வினா. கிளைக்கதைகள் பல உதிர்ந்தன. நாகசுரமும் நாட்டியமும் எஞ்சி நின்றன.

ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' வேறு வகை. 'அக்கினிப் பிரவேசம்' என்னும் சிறுகதையிலிருந்து கிளைத்த புதினம் அது. 1977இல் ஏ. பீம்சிங் அதனைப் படமாக்கியபோது திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். தாம் எழுதியதைத் தாமே மாற்றும் உரிமை ஆசிரியருக்கு உண்டன்றோ? ஆகவே, அங்கே 'மூலத்தைச் சிதைத்துவிட்டார்' என்னும் குற்றச்சாட்டுக்கு இடம் குறைவு.

'வெக்கை'யின் நிலை இவ்விரண்டினும் வேறு. அது அளவிற் சிறிய புதினம். சில நாள்களில் நடந்து முடியும் கதை, பேசுவோர் சிலர், நிகழ்வுகளும் சில. அதிலிருந்து இரண்டேகால் மணி நேரத்திற்கும் மேலாக ஓடும் படத்தை உருவாக்க வேண்டுமானால், எதைக் குறைப்பது என்பதைவிட எதைச் சேர்ப்பது என்னும் வினாவே முதன்மை பெறுகிறது. சேர்த்தவை எவை, அவை கதையை எங்கே நகர்த்தின என்று காண்பதே நம் பணி.

பூமணி 1947இல் கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் சிற்றூரில் பிறந்தவர். கூட்டுறவுத் துறையில் பணியாற்றியவர். 1979இல் 'பிறகு', 1982இல் 'வெக்கை' ஆகிய புதினங்களை வெளியிட்டார். 'அஞ்ஞாடி' புதினத்திற்காக 2014ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றார். தீப்பெட்டித் தொழிலில் உழலும் சிறார் வாழ்வை மையமாகக்கொண்டு 'கருவேலம்பூக்கள்' என்னும் திரைப்படத்தை அவரே இயக்கியும் உள்ளார். எனவே, அவர் திரைமொழி அறியாதவர் அல்லர். வெற்றிமாறனும் எழுத்திலக்கியத்தை நாடிச் செல்லும் இயக்குநர். மு. சந்திரகுமாரின் 'லாக்கப்' அவர் கையில் 'விசாரணை' ஆயிற்று. ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதை 'விடுதலை'க்கு வித்தாயிற்று.

இரு தலைப்புகள்

ஒப்பீட்டைத் தலைப்பிலிருந்தே தொடங்கலாம். வெக்கை என்பது கரிசல் மண்ணில் எல்லாரையும் சூழ்ந்திருக்கும் ஒன்று. மழை தவறிய நிலத்தின் காந்தலும் அதுவே. நெஞ்சுக்குள் அவியாமல் கிடக்கும் கனலும் அதுவே. அது ஒருவருக்கு மட்டும் உரியதன்று. தந்தை, தாய், மகன், மாமன் என எவரும் அதிலிருந்து விலகி நிற்க இயலாது.

அசுரன் என்பதோ தனியொரு மனிதனைச் சுட்டும் சொல். பழங்கதைகளில் வென்றவர்கள் தோற்றவர்களுக்குச் சூட்டிய பெயர் அது. அப்பெயரைப் பெருமைக்குரியதாக ஏற்றுக்கொள்ளும் துணிவு படத்தின் தலைப்பில் உள்ளது. ஆயினும், சூழலின் பெயர் மறைந்து ஒருவனின் பெயர் முன்வந்தது சிறிய மாற்றம் அன்று. புதினத்தின் மையம் பதினைந்து வயதுச் சிதம்பரம். படத்தின் மையம் அவன் தந்தை சிவசாமி. தனுஷ் என்னும் புகழ்பெற்ற நடிகர் தந்தையாக நடித்தமையால் நேர்ந்த மாற்றம் இது என்று எளிதாகக் கூறிவிடலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால், காரணம் அவ்வளவில் முடிவதில்லை என்பதை மேலே காண்போம்.

முதல் வெட்டு

புதினம் தொடங்கும்போதே செயல் நிகழ்ந்துவிடுகிறது. தன் அண்ணனைக் கொன்ற நிலவுடைமையாளர் வடக்கூரானைச் சிதம்பரம் அரிவாளால் தாக்குகிறான். அவன் குறிவைத்தது கையை மட்டுமே. உயிரைப் பறிப்பது அவன் திட்டம் அன்று. நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்றாகிறது. வடக்கூரான் மாண்டுபோகிறார். சிறுவன் இருளில் ஓடுகிறான்.

இத்தொடக்கத்தைச் சற்றே நின்று கவனியுங்கள். வடக்கூரான் எத்தகையவர், அண்ணன் ஏன் கொல்லப்பட்டான், இக்குடும்பம் எவ்வளவு பொறுத்தது என எதுவும் நமக்கு இன்னும் தெரியாது. 'இது நீதிதான்' என்று மகிழ்வதற்கு வேண்டிய செய்திகள் எவையும் நம் கையில் இல்லை. நாம் காண்பதெல்லாம் ஒரு சிறுவனின் பதற்றம். அவன் கைக்கு அடங்காமல் போய்விட்ட ஒரு செயல். பழிதீர்க்கும் கதைகள் பெரும்பாலும் பழி தீரும் இடத்தில் முடிவடையும். பூமணி அங்கே தொடங்குகிறார். வெட்டியபின் மனிதன் எப்படி உறங்குவான், எதை உண்பான், தாயின் முகம் நினைவுக்கு வந்தால் என்ன செய்வான் என்பவற்றைப் பற்றியே எஞ்சிய புதினம் முழுவதும் பேசுகிறது.

தொடர்ந்து வரும் நாள்களில் தந்தையும் மகனும் காட்டிலும் மலையிலும் மறைந்து திரிகின்றனர். புதினத்தின் பேரழகு இப்பகுதிகளில்தான் உள்ளது. கிடைத்ததைச் சமைக்கின்றனர், நீர்நிலை தேடுகின்றனர், மரத்தடியில் படுத்துப் பேசுகின்றனர். மகனை அடிக்கவோ திட்டவோ செய்யாமல், அவன் பசியை முதலில் ஆற்றுகிறார் அய்யா. இவ்வளவு பெரிய செயலைச் செய்துவிட்டு வந்த மகனிடம் தந்தை சோற்றைப் பற்றியும் செடிகொடியைப் பற்றியும் பேசுவது முதற்படிப்பில் நமக்கு வியப்பாக இருக்கும். மறுமுறை படிக்கும்போது, அவர் வேறு எதைப் பேசியிருக்க முடியும் என்று தோன்றும். கொலைக்குப் பின்னரும் அவன் குழந்தைதான் என்பதை அறிவுரையாகக் கூறாமல், சோறு ஆக்கிப்போடுவதன்வழிக் கூறுகிறார்.

படமும் இருளில்தான் தொடங்குகிறது. நிலவொளி படிந்த நீரில் தந்தையும் மகனும் கால்பதித்து மறைவிடம் தேடிச் செல்கின்றனர். கொலை நிகழ்ந்துவிட்டது என்பது பேச்சிலிருந்து புலனாகிறது. அக்காட்சி பின்னரே வருகிறது. அதற்குமுன் மூன்று ஏக்கர் நிலம், அதனைக் கவர நினைக்கும் வடக்கூரான் நரசிம்மன், வேலித்தகராறு, கிணற்றுத்தகராறு, மூத்த மகன் முருகனின் சினம், அவனது கொடிய மரணம், தாய் பச்சையம்மாளின் ஆறாத அழுகை ஆகிய அனைத்தையும் நாம் கண்டுவிடுகிறோம். ஆகவே, சிதம்பரம் அரிவாளை ஓங்கும்போது நாமும் அவனோடு ஓங்குகிறோம். புதினத்தில் அதே வெட்டு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. படத்தில் ஆறுதல் அளிக்கிறது. நிகழ்ச்சி ஒன்றே. வரிசை மாறியதால் அதன் பொருள் மாறிவிட்டது. ஒரு படத்தையும் புதினத்தையும் ஒப்பிடுவோர் 'கதை மாறியதா' என்று மட்டும் வினவுவர். 'வரிசை மாறியதா' என்பது அதைவிடக் கூர்மையான வினா.

நினைவும் முன்கதையும்

கடந்தகாலத்தைச் சொல்ல எழுத்துக்கு எளிய வழிகள் உண்டு. நடந்துகொண்டிருக்கும் ஒருவனின் மனத்தில் ஒரு சொல் பழைய நாளொன்றை எழுப்பும். அரைப் பத்தியில் அது மறையும். மீண்டும் நடை தொடரும். 'வெக்கை'யில் அண்ணன் இவ்வாறே வருகிறான். காட்டில் காணும் ஏதோ ஒன்று அவனை நினைவூட்டுகிறது. இறந்தவர்கள் நம் வீடுகளிலும் அவ்வாறுதானே வருகின்றனர், முழுக்கதையாக அன்றி, அவர்கள் அமர்ந்த இடமாக, விரும்பி உண்ட உணவாக?

திரையில் நினைவு வந்தால் அது காட்சியாகவே வர வேண்டும். காட்சிக்கு இடம், உடை, முகம், ஒளி அனைத்தும் வேண்டும். அரைப் பத்தி அளவுக்கு ஒரு காட்சியைக் காட்டி மறைத்தால் பார்வையாளர் குழம்புவர். இக்கட்டாயத்தால்தான் திரைப்படங்களில் முன்கதை பெருந்தொகுதியாக அமைகிறது. 'அசுரன்' படத்தின் இரண்டாம் பாதியில் சிவசாமியின் இளமைக்காலம் அவ்வாறு விரிகிறது. சாராயம் காய்ச்சும் இளைஞனாக, முதலாளியை நம்பும் வேலையாளாக அவன் அறிமுகமாகிறான். அவன் அன்பு கொண்ட மாரியம்மாள் காலில் செருப்பு அணிந்தாள் என்பதற்காக அவமானத்திற்கு உள்ளாக்கப்படுகிறாள். பஞ்சமி நில மீட்புக்கான முயற்சி எழுகிறது. ஓர் இரவில் குடிசைகள் கொளுத்தப்படுகின்றன. உற்றார் அனைவரையும் இழந்த சிவசாமி கொலையாளியாகிறான்.

இவ்விரிந்த முன்கதை புதினத்தில் இல்லை. இயக்குநர் இதனை வரலாற்றிலிருந்து எடுத்து இணைத்துள்ளார். பஞ்சமி நிலம் என்பது, செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமன்கீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கத் தொடங்கிய நிலம். பிற பிரிவினர் கைக்கு அது போகலாகாது என்னும் கட்டுப்பாட்டோடு வழங்கப்பட்டது; ஆயினும் பெருமளவு கைமாறிப்போனது. கொளுத்தப்படும் குடிசைகளோ கீழ்வெண்மணியை நினைவூட்டுகின்றன. 1968 திசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் குடிசை ஒன்றுக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் தீக்கிரையாயினர். பெண்களும் குழந்தைகளுமே அவர்களுள் மிகுதி. நெல் கூலியை உயர்த்திக் கேட்ட வேளாண் தொழிலாளர்களின் போராட்டம் அதன் பின்னணி. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' புதினம் இந்நிகழ்வை அடிப்படையாகக் கொண்டது; அதுவும் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' என்று 1983இல் திரைப்படமாயிற்று. ஆற்றுப்பாசன நெல்வயல்களின் துயரத்தை வெற்றிமாறன் தென்தமிழ்நாட்டுப் புன்செய் நிலத்துக்குக் கொண்டுவந்துள்ளார்.

இது பொருத்தமா? கூலிப் போராட்டத்தின் நினைவும் நிலவுரிமைப் போராட்டமும் இங்கே ஒரே கதையாகக் குழைந்துவிட்டன. வரலாற்றைப் பயில்வோர் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். எனினும், ஒரு குடும்பத்தின் நிலத்தகராறாக மட்டும் தோன்றக்கூடிய கதைக்கு இச்சேர்க்கை நெடிய வேர் ஒன்றைக் காட்டுகிறது. மகனுக்கு நேர்ந்தது தந்தைக்கும் முன்பே நேர்ந்தது என்று அறியும்போது, 'இது எத்தனையாவது தலைமுறை?' என்னும் வினா எழுகிறது. அவ்வினாவைப் படம் புதிதாக ஈட்டியது. இதற்குத் தந்தையே மையமாக வேண்டியிருந்தது. மகனுக்கு வயது பதினைந்து. இரு காலங்களைத் தன் உடலில் சுமக்க அவனால் இயலாது.

இடைவேளை என்னும் கட்டாயம்

புதினத்துக்கு இடைவேளை இல்லை. நூலை மூடிவைப்பதும் திறப்பதும் படிப்பவர் விருப்பம். தமிழ்த் திரைப்படமோ நடுவில் ஒருமுறை நின்று எழ வேண்டும். அந்த எழுச்சியை எண்ணியே திரைக்கதையின் முதற்பாதி கட்டப்படுகிறது. 'அசுரன்' முதற்பாதியில் சிவசாமி குனிந்த முதுகோடு நடக்கும் மனிதர். குடிப்பழக்கம் உடையவர், சண்டைக்கு அஞ்சுபவர், மகனின் இகழ்ச்சிக்கு ஆளானவர். மகனைக் கொல்லச் சூழ்ந்தவர்களை அவர் தனியொருவராக எதிர்கொள்ளும் காட்சி இடைவேளையை ஒட்டி வருகிறது. திரையரங்கம் அதிர்ந்த இடம் அதுவே.

புதினத்து அய்யா இவ்வாறு பலரை வீழ்த்துபவர் அல்லர். அவரது வலிமை காட்டை அறிந்த வலிமை, காத்திருக்கும் வலிமை. தந்தையைக் கோழை என எண்ணி, பிறகு வீரரெனக் கண்டு மகன் வியக்கும் வளர்ச்சியும் புதினத்துக்கு உரியதன்று. அங்கே இருவரிடையே தொடக்கத்திலிருந்தே இணக்கம் இருக்கிறது. இந்த இணக்கம் நாடகத்துக்கு உதவாது என்று திரைக்கதை கருதியிருக்க வேண்டும். பிணக்கிலிருந்து இணக்கத்துக்குச் செல்லும் பாதை பார்வையாளரை இருக்கையில் கட்டிவைக்கும். ஆனால், அமைதியான இணக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதிச் செல்வது அதனினும் அரிய செயல். இவ்விடத்தில் புதினம் படத்தைவிட மேம்பட்டு நிற்கிறது என்பதே இப்பாடத்தின் துணிபு.

படம் மேம்பட்டு நிற்கும் இடமும் உண்டு. காவல்துறையிடம் அகப்பட்ட மூத்த மகனை மீட்பதற்காக, ஊரில் உள்ள ஆண்கள் ஒவ்வொருவர் காலிலும் சிவசாமி விழுந்து எழுகிறார். விழுகிறார், எழுகிறார், அடுத்த வாசலுக்குச் செல்கிறார். இதை எழுத்தில் சொன்னால் ஒரு தொடரில் முடிந்துவிடும். நீட்டிச் சொன்னாலோ இரக்கத்தை வேண்டுவதுபோல் ஆகிவிடும். திரையில், ஒரே செயல் மீண்டும் மீண்டும் நிகழும் கால அளவே பொருளாகிறது. 'போதும்' என்று நாம் எண்ணிய பிறகும் அவர் விழுந்துகொண்டிருக்கிறார். அந்த உடலின் சோர்வை எந்த உரிச்சொல்லும் தந்துவிட முடியாது. 2019ஆம் ஆண்டுக்குரிய தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப்படம் என்னும் சிறப்பை 'அசுரன்' பெற்றது. சிறந்த நடிகருக்கான விருதைத் தனுஷ், இந்தி நடிகர் மனோஜ் பாஜ்பாயுடன் பகிர்ந்துகொண்டார். இடைவேளைச் சண்டையைவிட இந்தக் காட்சிக்கே அவ்விருது உரியது எனலாம்.

சொல்வதும் சொல்லாதிருப்பதும்

பூமணி தம் புதினத்தில் சாதிப் பெயர்களை முன்னிறுத்துவதில்லை. யார் எப்பிரிவினர் என்பதை நிலத்தின் உடைமை, பேச்சின் தொனி, அச்சத்தின் அளவு ஆகியவற்றிலிருந்து நாமே உணர்கிறோம். கரிசல் வட்டார வழக்கில் அமைந்த உரையாடல்கள் இதற்குத் துணைநிற்கின்றன. சொல்லாமல் விடுவதால் செய்தி மங்கவில்லை; படிப்பவர் அதைத் தாமே கண்டடைவதால் ஆழப் பதிகிறது.

படம் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. செருப்பு அங்கே வெளிப்படையான குறியீடு. ஒருத்தி அணிந்ததற்காகத் தண்டிக்கப்பட்ட செருப்பு, மற்றொரு தலைமுறையில் முருகனின் கையில் வடக்கூரானைத் தாக்கும் கருவியாகிறது. பஞ்சமி நிலம் என்னும் சொல் பெயர் சொல்லியே பேசப்படுகிறது. படம் வெளிவந்தபின் பஞ்சமி நிலம் பற்றிய விவாதம் அரசியல் மேடைகளிலும் செய்தித்தாள்களிலும் எழுந்ததை அக்காலத்தில் கண்டோம். நுட்பமாகச் சொல்லப்படும் செய்தி ஆழமாகச் செல்லும். உரக்கச் சொல்லப்படும் செய்தி தொலைவாகச் செல்லும். இவற்றுள் எது வேண்டும் என்பது கேட்போர் யார் என்பதைப் பொறுத்தது. தனியே அமர்ந்து படிக்கும் ஒருவருக்காகப் பூமணி எழுதினார். இருட்டில் கூடியிருக்கும் ஆயிரம் பேருக்காக வெற்றிமாறன் படமெடுத்தார்.

நீதிமன்ற வாசல்

இரு படைப்புகளும் நீதிமன்றத்தை நோக்கியே செல்கின்றன. புதினத்தில் தந்தையும் மகனும் மறைந்து திரிந்த வாழ்வை முடித்துக்கொண்டு, நீதிமன்றத்தில் சரணடையப் புறப்படுகின்றனர். தண்டனை என்ன, சிறுவனின் எதிர்காலம் என்ன என்பவை நமக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. செய்தவன் தன் செயலோடு நடந்து செல்கிறான். அருகில் அய்யா இருக்கிறார். அவ்வளவே.

படத்தில் சிவசாமி மகனின் குற்றத்தைத் தம்மீது ஏற்றுக்கொள்கிறார். நிலத்தைப் பறிக்கலாம், பொருளைப் பறிக்கலாம், பெற்ற கல்வியை எவராலும் பறிக்க முடியாது என்னும் கருத்துப்பட மகனுக்கு அறிவுரை கூறுகிறார். படித்து உயர்ந்த நிலைக்கு வரும்போது, தமக்கு இழைக்கப்பட்டதைப் பிறருக்கு இழைத்துவிடாதே என்றும் சொல்லிச் செல்கிறார். பின், குடும்பத்தாரைத் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்து உள்ளே நடக்கிறார். தலைமுறைதோறும் தொடர்ந்த கொலையை ஒரு தலைமுறையோடு நிறுத்திவிட முயலும் முடிவு இது. முன்கதையில் தீயில் எல்லாவற்றையும் இழந்த மனிதர் இறுதியில் மகனையேனும் காத்துவிடுகிறார். படம் தன் போக்கில் எழுப்பிய வினாவுக்கு இது நேர்மையான விடை.

இருப்பினும், இந்த விடையில் ஒன்று மறைந்துபோகிறது. கொன்றவன் சிதம்பரம். படத்தின் இறுதியில் அவன் கைகளில் கறை இல்லை. தந்தையின் தியாகம் நம் கண்களை நிறைப்பதால், அந்தச் சிறுவன் இனி அச்செயலோடு எவ்வாறு வாழ்வான் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. புதினமோ அதை மட்டுமே எண்ணிப் பார்க்கச் செய்கிறது. கையை மட்டும் குறிவைத்தவனுக்கு ஓர் உயிர் போய்விட்டது. காட்டில் கழித்த ஒவ்வோர் இரவும் அவன் அதனருகில்தான் படுத்திருந்தான். பெரியவர் ஒருவர் தோள்கொடுத்தாலும் அந்த எடையைக் கைமாற்றிக்கொள்ள இயலாது என்பதைப் பூமணி அறிந்திருந்தார். அதனால்தான் இருவரையும் சேர்த்தே நடக்க விடுகிறார்.

சிதம்பரத்துக்கும் இப்பாடத்தைப் படிக்கும் உங்களுக்கும் வயதில் ஓரிரு ஆண்டே வேறுபாடு. படத்தைப் பார்த்தவர்கள் புதினத்தின் முதல் சில பக்கங்களையேனும் தேடிப் படியுங்கள். அந்த முதல் வெட்டின்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். திரையரங்கில் நின்ற இடத்திலேயே நிற்கிறீர்களா?

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் படித்த சிறுகதை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதன் நிகழ்ச்சிகளின் வரிசையை மட்டும் மாற்றி எழுதுக. படிப்பவரின் பரிவு யார்பக்கம் சாய்கிறது என்பதை வகுப்பறையில் கேட்டறிக.

2. கதைமாந்தர் ஒருவரின் மனத்தில் தோன்றும் நினைவை உரையாடல் இன்றித் திரையில் காட்ட வேண்டுமானால், எப்பொருளை, எவ்வொலியை, எவ்வளவு நேரம் காட்டுவீர்கள்? ஒரு காட்சிக்குரிய குறிப்பாக எழுதுக.

3. 'தந்தை குற்றத்தை ஏற்றுக்கொண்டது மகனுக்குச் செய்த நன்மையா?' – இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.